சீலண்ட் பூசிய மாதம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மழைக்கு, காரில் பூசிய மெழுகு ஒரு மாதம் தாண்டாது. அதனால் மாதம் ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு அண்ணன் என்னோடு சேர்ந்து மெழுகு பூசத் துணியோடு வந்துவிடுவார். பக்கத்து ஊரான கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டியவர். பார்வை மங்கியதும் லோரியை விட்டார், தன் காரையும் விற்றுவிட்டார். என் காரைத் தட்டி, “வா தம்பி, காடிக்கு எண்ணெய் தேச்சு விடுவோம்” என்பார். பேச்சிலேயே பாதி நாள் போகும்.

இந்த முறை மெழுகுக்குப் பதிலாக டவுன் கடையொன்றில் சீலண்ட் என்ற பூச்சை வாங்கி, அவரிடம் சொல்லாமலே பூசிவிட்டேன். ஆறு மாதம் தாங்குமாம். கை வலி மிச்சம் என்பதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. ஞாயிறு காலை, துவைத்து மடித்த துணியோடு அவர் வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ ஆறு மாசத்துக்கு எனக்கு லீவுலா” என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறு மாதம் மெழுகு டப்பாவோடு நானே அவர் கதவைத் தட்டினேன். சீலண்ட் மேல் மெழுகு பூசினால் கெடுதல் இல்லை. காரைக் கழுவ ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பூச்சு அப்படியே இருந்தது. அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

“பாத்தியா, உன் புது மருந்து ஒரு மாசம்கூட நிக்கல. என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்லா.”

“ஆமாண்ணே, கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்” என்றேன்.

உண்மையில் நல்ல சரக்கு விற்ற மனுஷர் அந்தக் கடைக்காரர். இப்போது அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறேன்.