ப்ரெகெஸே தண்ணீரும் ஓபிரியின் அவசரமும்

ஓபிரி ஓரிடத்தில் நிற்க மாட்டான். ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வேன் ஓட்டுகிறவன். குமாசிச் சந்தையில் என் கடைக்கு வந்தாலும் எஞ்சினை அணைக்க மாட்டான். நின்றபடியே காலைத் தட்டிக்கொண்டிருப்பான்.

சர்க்கரை வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் அவசரம் இரட்டிப்பானது. நான் விற்பது ப்ரெகெஸே காய். சூப்பில் போட்டால் தெருவே மணக்கும். அதை வேகவைத்த தண்ணீர் சர்க்கரையை இறக்கும் என்று ஊரே என்னிடம் பாட்டிலில் வாங்கிக் குடிக்கிறது. அவன் மாத்திரையும் போட்டுக்கொண்டு பாட்டில் பாட்டிலாக அதையும் குடித்தான்.

"சாப்ட்டியாடா?"

"சாப்ட்டா சர்க்கரை ஏறும்க்கா. நேரமும் இல்ல."

"சாகறதுக்கும் வரிசையில முந்திப்பியா?"

சிரித்துக்கொண்டே ஓடினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மத்தியானம் காய் மூட்டையோடு நானும் அவன் வண்டியில் எஜிசு ஊருக்குப் போனேன். முன்சீட்டில் அவன் பக்கத்தில் இருந்தேன். பாதி வழியில் அவன் சட்டை தொப்பலாக நனைந்தது. கை நடுங்கியது. வண்டி ரோட்டின் எதிர்ப்பக்கம் போனது.

"குடிச்சிருக்கான் பாவி!" என்று பின்னால் கத்தினார்கள்.

இப்படி வியர்த்து விழுந்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது.

"ஓரங்கட்டுடா!" என்று அவன் காதில் அலறினேன். நல்லவேளை, நிறுத்தினான். சாலையோரத்தில் சோபோலோ சர்பத் விற்றவளிடம் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி, முனையைக் கடித்து அவன் வாயில் வைத்தேன். துப்பினான்.

"நான் சர்க்கரைக்காரன்... கொல்லப் பாக்கறியா?" நாக்கு குழறியது.

"நீதான்டா எல்லாரையும் கொல்லப் பாத்த! பின்னால ஒருத்தி கைக்குழந்தையோட உக்காந்திருக்கா. குடி!"

குடித்தான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. திரும்பி அந்தக் குழந்தையைப் பார்த்தான். அப்புறம் ஸ்டீரிங்கில் முகம் புதைத்து அழுதான். மிச்ச வழிக்கு வேறொரு டிரைவர் வந்தார்.

திருந்தியிருப்பான் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே என் கடை வாசலில் வண்டி உறுமியது.

"அக்கா, ஒரு பாட்டில். சீக்கிரம்!"

நான் எழுந்து போய் எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலைக் காட்டினேன். அவித்த வாழைக்காயும் கீரைக்குழம்பும் தட்டில் வைத்தேன்.

"மாத்திரையோட இந்தத் தண்ணியும் குடிக்கலாமான்னு நர்ஸக் கேட்டுட்டு வா. இப்பத் தின்னு."

"ஆளுங்க ஏறிட்டாங்கக்கா!"

"ஏறட்டும்."

பின்னால் ஹாரன்கள் அலறின. முழங்கால் ஆட, ரோட்டையே பார்த்தபடி மென்றான். அவன் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தட்டில் பாதி வாழைக்காய் இருக்கும்போதே சாவிக்குக் கையை நீட்டினான். சாவி என் மடியில் இருந்தது. நான் தட்டைத்தான் அவன் பக்கம் தள்ளினேன்.