சதுப்பு ராணியின் இடது கண்

"இதுக்குக் கண்ணு வச்சது யாரு?" என்று லொரேன் கேட்டார்.

தொழிற்சாலையில் வைத்தார்கள் என்றேன்.

"தொழிற்சாலைக்குக் கையா இருக்கு? யாரோ ஒருத்தி உக்காந்து வச்சிருக்கா. அவ யாருன்னு கேட்டேன்."

அவர்கள் பெயர் எழுதி அனுப்பும் வழக்கமில்லை என்றேன். பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆணாகவும் இருக்கலாம் என்றேன்.

"ஆம்பளைன்னா இன்னும் மோசம்," என்று சொல்லிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

மேசையில் இரண்டு ராணிகள் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் இரண்டடி உயரச் சிலை. செத்த முதலையின் முதுகில் ஒரு கால், வேர்கள் பின்னிய கிரீடம், மடியில் ஒரு கொக்கு. இடப்பக்கம் இருந்தது லொரேன் வண்ணம் தீட்டிய மூலம். வலப்பக்கம் இருந்தது அதைப் பார்த்து, சீனாவில், ஹுய்ஜோ தொழிற்சாலையில் தீட்டி அனுப்பிய மாதிரிச் சிலை. காலையில்தான் பெட்டியைப் பிரித்திருந்தோம்.

ரஸ்ஸல் காப்பிக் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தார். சேகரிப்பவர்களுக்கான சிலைகள் செய்து விற்கும் இந்த நிறுவனம் அவருடையது. வான் நைஸில், விமானப் பழுதுக் கொட்டகைகளின் வரிசையில், கூரை தாழ்ந்த ஒரு கட்டடம். நாங்கள் ஒன்பது பேர். சொல்லக்கூடாததைச் சந்தோஷமாகச் சொல்லிவிடும் மனிதர் அவர்.

"அட, லொரேன், இது உங்களோடதைவிட நல்லா இருக்கே," என்றார். தொழிற்சாலையைத்தான் பாராட்டுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லொரேன் நிமிரவில்லை. "நீ போய்க் காப்பியக் குடி, ரஸ்ஸல்," என்றார்.

அவர் போன பிறகு, மாதிரியோடு வந்த குறிப்பை லொரேன் வாசிக்கச் சொன்னார். நான் எட்டாம் வகுப்புவரை தைச்சுங்கில் சீன மொழியில் படித்தவள் என்பதால் சீனக் கடிதங்கள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மொழிபெயர்த்துக்கொண்டே வாசித்தேன். இடது கண்ணின் ஒளிப்புள்ளியைச் சற்று நகர்த்தியிருக்கிறோம்...

"நகர்த்தச் சொன்னது யாரு?"

வாக்கியம் இன்னும் முடியவில்லை என்றேன்.

"எனக்கு முடிஞ்சிருச்சு. எழுதிக்கோ. மூலத்துல இருக்கறபடியே வேணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாதிரி நிராகரிக்கப்படுகிறது."

எழுதினேன். வாக்கியத்தின் மிச்சம், வலது கண்ணோடு ஒத்துப்போவதற்காக, சரிதானா என்று தெரிவிக்கவும், என்பது. அதை நான் வாசிக்கவில்லை. வாசிக்க விடவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லொரேன் பிக்கெட் பேக்கர்ஸ்ஃபீல்டில் பிறந்தவர். தகப்பனார் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்தார். தங்கை ஜனெல் மாவட்டச் சந்தைப் போட்டியில் வருடா வருடம் வாத்துக்கும் ஜாமுக்கும் முதல் பரிசான நீல நாடாவை வாங்கினாள். லொரேனுக்குக் கிடைத்ததெல்லாம் பங்கேற்றதற்கான அட்டை. ஐம்பத்தொன்பது வயதிலும் ஜனெலின் நாடாக்கள் எத்தனை என்று கேட்டால் யோசிக்காமல் பதினான்கு என்பார். பத்தொன்பது வயதில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே கன்னத்துக்கு ஒருத்தி, உதட்டுக்கு ஒருத்தி, கண்ணுக்கு ஒருத்தி. கண் போடுகிறவளுக்கு மட்டும் ஜன்னலோர மேசை. அந்த மேசையைப் பிடிக்க நான்கு வருடம் ஆனதாம். அந்த நான்கு வருடமும் அங்கே உட்கார்ந்திருந்தவளுக்குக் கண்வலி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சாப்பாட்டு நேரத்தில் பரிட்டோவைக் கடித்துக்கொண்டே சொன்னார். "வந்துச்சு," என்றும் சொன்னார்.

பொறாமையை அவர் ஒளித்து வைத்ததில்லை. சிலர் வீட்டில் பூனை வளர்ப்பதுபோல, அதற்கு நேரத்துக்குச் சோறு போட்டு வளர்த்தார். சிலை செதுக்குகிறவர்களின் பெயர் பெட்டியின் முகப்பில் வரும். வண்ணக்காரரின் பெயர் அடியில், எச்சரிக்கை வாசகங்களுக்குப் பக்கத்தில் வரும். "உருண்டைய அவன் வைக்கிறான், பார்வைய நான் வைக்கிறேன். பேரு மட்டும் அவனுக்கு," என்பார். ஆனால் இந்தத் தொழிலில் கண் என்றால் லொரேன்தான் என்பதை யாரும் மறுத்ததில்லை. மிளகளவு இடத்தில் பச்சைக்கு அடியில் மஞ்சள், மஞ்சளுக்கு அடியில் பழுப்பு, கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி வைத்ததும் சிலை நம்மைப் பார்க்கும். அது ஒன்றுதான் அவருடைய நீல நாடா.

வேலை நடக்கும் விதமும் அதற்கு ஒத்தாசையாக இருந்தது. லொரேன் ஒரு சிலைக்கு வண்ணம் தீட்டினால் அது மூலம். தொழிற்சாலைக்காரர்கள் அதை எல்லாக் கோணத்திலும் படமெடுத்துக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள். பிறகு அவர்கள் ஒரு மாதிரி செய்து அனுப்புவார்கள். லொரேனுக்குப் பிடித்தால் மாதிரியின் பீடத்துக்கு அடியில் தன் கையெழுத்தைக் கீறுவார். அதற்கப்புறம் அதுதான் சட்டம். விற்பனைக்குப் போகும் அறுநூறு சிலையும் அதைப் பார்த்தே வரும். பிடிக்காவிட்டால் கீறமாட்டார். மாதிரி மூலத்தைவிட மட்டமாக இருப்பது இந்தத் தொழிலின் நியதி. சேகரிப்பவர்கள் பணம் கட்டி ஒரு வருடம் காத்திருந்து, பெட்டி வந்ததும் படத்தில் பார்த்தது இது இல்லை என்று இணையத்தில் புலம்புவார்கள். அந்தப் புலம்பல் ஒவ்வொன்றையும் லொரேன் வாசிப்பார். முகம் தெளிந்துவிடும்.

இந்த முறை நியதி தலைகீழானது. ஹுய்ஜோவில் யாரோ, யாரும் சொல்லாமலே, மேல் இமையின் நிழலைக் கண்ணின் வெள்ளையில் விழவைத்திருந்தார்கள். மயிரிழை கனத்தில், சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிழல். லொரேன் நாற்பது வருடத்தில் அதைச் செய்ததில்லை. அவருடைய ராணி முறைத்தாள். ஹுய்ஜோ ராணி எதையோ யோசித்துக்கொண்டு நம்மைப் பார்த்தாள்.

நிராகரித்த மாதிரியை உடைத்துப் போடுவதுதான் வழக்கம். லொரேன் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். மறுவாரம் பெயிண்ட் தின்னர் எடுக்கப் போனபோது அலமாரிக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தேன். சதுப்பு ராணியின் தலைகள், பதினொன்று. பதினொன்றின் கண்ணிலும் இமை நிழல் முயன்று பார்த்திருந்தார். முதல் நாலில் யாரோ ராணியை அறைந்ததுபோல் இருந்தது. கடைசி ஏழில் தூக்கமில்லாதவள்போல் இருந்தாள். ஒன்றுகூட யோசிக்கவில்லை. டப்பாவை இருந்தபடியே மூடி வைத்தேன்.

"பார்த்தியா?" என்று மாலையில் கேட்டார். ஆமாம் என்றேன்.

"பொறாமைன்னு சொல்லணும்னா சொல்லிரு. நீ ஒண்ணும் சொல்லாம நிக்கறதுதான் எனக்கு எரிச்சலா இருக்கு."

ஹுய்ஜோவில் அதைத் தீட்டியவருக்கு எவ்வளவு வயசிருக்கும் என்று தெரியாதே என்று மட்டும் சொன்னேன்.

"இருபத்திரண்டு. கண்ணாடி போடாதவ. எனக்குத் தெரியும்," என்றார்.

ஜூலையில், காமிக்ஸ் ரசிகர்கள் வேடமிட்டுக் கூடும் சான் டியாகோ கண்காட்சிக்கு மூலத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் கொண்டுபோனோம். அங்கே லொரேன் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. நிறுவனத்தின் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாங்க வந்தவர்போலக் கூட்டத்தில் நின்று ஒட்டுக்கேட்பார். அந்த வருடம் கொம்பு வைத்த தலைக்கவசம் அணிந்த ஒருவன் தன் நண்பனிடம், "இவ ஒரே சமயத்துல ரெண்டு பேரப் பார்க்கற மாதிரி இருக்குடா," என்றான். லொரேன் என் கையைப் பிடித்து அழுத்தினார். "கேட்டியா? இதுதான் பார்வை. அந்தப் பொண்ணால இது முடியுமா?" திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் இரண்டாவது மாதிரி வந்தது. கூடவே ஒரே ஒரு வரி: மூலத்தில் உள்ளபடியே. தொழிற்சாலையில் அறுநூறு சிலைகள் வெள்ளையாக, வண்ணமில்லாமல், அடுக்கில் காத்திருந்தன. அன்று மாலைக்குள் பதில் போக வேண்டும்.

லொரேன் பெட்டியைத் தானே பிரித்தார். மூலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். இமை நிழல் இல்லை. ஒளிப்புள்ளி அவருடையது. ராணி முறைத்தாள். "இப்ப வழிக்கு வந்தா," என்று கீறும் ஊசியைக் கையில் எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ரஸ்ஸல் வந்தார். இந்த முறை காப்பி இல்லை.

"என்ன இவளுக்கு மாறுகண்ணா?" என்றார்.

"தொழிற்சாலைக்காரன் சொதப்பியிருப்பான்," என்று லொரேன் சொன்னார். சொல்லிவிட்டு, சொதப்பல் எங்கே என்று காட்டுவதற்காக மூலத்தைத் தூக்கி ரஸ்ஸலின் முகத்துக்கு நேரே பிடித்தார். ரஸ்ஸல் அதைப் பார்த்தார், மாதிரியைப் பார்த்தார், திரும்ப அதைப் பார்த்தார். முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்.

லொரேன் சிலையைத் தன் பக்கம் திருப்பினார். உருப்பெருக்கியை இறக்கினார். வலது கண்ணின் வெள்ளைப் புள்ளி பத்து மணி முள் இருக்கும் இடத்தில் இருந்தது. இடது கண்ணில் இரண்டு மணியில் இருந்தது. ஒரே முகம், இரண்டு சூரியன்.

அவர் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். பொம்மைக் கம்பெனி நாளிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம்: நிஜத்தில் ஜன்னல் எந்தப் பக்கமோ, புள்ளியும் அந்தப் பக்கம். கணக்குப் போடமாட்டார், கை தானாகப் போகும். மே மாதத்தில், வலது கண் முடிந்த மறுநாள், ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியதால் அவர் மேசையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். மேசையின் ஒரு முனையைத் தூக்கியவள் நான்தான். இடது கண்ணைப் புது இடத்தில் உட்கார்ந்து போட்டார்.

"அந்தக் குறிப்பு," என்றார். "முதல்ல வந்தது. மிச்சத்தை வாசி."

வாசித்தேன். வலது கண்ணோடு ஒத்துப்போவதற்காக. சரிதானா என்று தெரிவிக்கவும்.

"மரியாதையா வேற கேட்டிருக்கா," என்றார். அவர் குரலில் அந்த மரியாதைமேல்தான் கோபம் அதிகம் இருந்தது. ஏளனமாக எழுதியிருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு எழுந்து அலமாரியைத் திறந்தார். துணியில் சுற்றிய முதல் மாதிரியை எடுத்து மேசையில் படுக்கவைத்து, பீடத்தைத் தன் பக்கம் திருப்பி, எல்.பி. என்று கீறினார். வழக்கத்தைவிடச் சின்ன எழுத்து. நிராகரிப்பை ரத்து செய்து, அறுநூறும் முதல் மாதிரிப்படியே என்று எழுதச் சொன்னார். தவறு மூலத்தில் இருந்தது என்று எழுதவா என்றேன்.

"எழுது," என்றார். சற்றுப் பொறுத்து, "ரொம்ப விரிவா வேண்டாம்," என்றார்.

எழுதிக் காட்டினேன். சீன எழுத்தில் அவருக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் அடிவரை விரலை வைத்துப் பார்த்தார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கட்டுமா என்றேன்.

"வேண்டாம். பேரு தெரிஞ்சா தினமும் தேடிப் பார்ப்பேன். ஜனெல் ஒருத்தி போதும் எனக்கு."

நான் அனுப்பப் போனேன். பொத்தானை அழுத்துமுன் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் அந்த பிஸ்கட் டப்பா.

"யுன்," என்றார். "கீழே ஒரு வரி சேர்த்துக்கோ. அந்த நிழலுக்கு எந்தத் தூரிகை, பெயிண்டுல எவ்வளவு தண்ணி கலக்குறான்னு கேளு. நீயா கேக்கற மாதிரி கேளு. என் பேரு வரக்கூடாது."