கடைசிக் குழியில் ஒரு களையெடுப்பு

கோல்ஃப் என்பது ஒருவர் விளையாட இன்னொருவர் களைத்துப்போகும் விளையாட்டு; பை தூக்கும் தொழிலில் அந்த இன்னொருவர் நாம்தான்.

கம்பத்திலிருந்து காலை ஜீப்பில் மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெண்களில் நானும் ஒருத்தி. அங்கே தோட்டக்காரர்களின் கிளப்பில் ஒன்பது குழியோடு ஒரு மைதானம். சனி, ஞாயிறு களையெடுப்பை விட்டுவிட்டு மேனேஜர் சாரின் மட்டைப் பையைச் சுமப்பேன். அவருக்கு அந்த வருஷக் கடைசியில் ரிடையர்மென்ட். அதற்குள் ஒரு தடவையாவது கிளப் கோப்பையை வாங்கிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

பேப்பர் வந்த நாள்

வெளிநாட்டில் யாராவது ஜெயித்தால் இங்கே எனக்கு முதுகு வலிக்கும். பேப்பரில் வந்த படத்தைப் பார்த்து சார் நிற்கும் விதத்தையே மாற்றிவிடுவார். ஒரு வாரம் முழங்கையை மடக்கக் கூடாது. மறுவாரம் இடுப்பைத் திருப்ப வேண்டும். எப்படி நின்றாலும் பந்து ஓடைக்குத்தான் போகும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவேன். ஒருநாள் சொட்டச் சொட்டப் பந்தை நீட்டினேன். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "உலக சாம்பியனே நேத்து தண்ணிக்குள்ள அடிச்சிருக்காரும்மா, பேப்பர்ல போட்டிருக்கு!"

தேடுதல் வேட்டை

அடுத்தவர் தொலைத்ததைத் தேடும் வேலை உங்களுக்கும் வாய்த்திருக்கும். வீட்டில் என் மகன் பந்தைத் தொலைத்தால் முதுகில் ஒன்று வைப்பேன். இங்கே தொலைத்தவர் குடைக்குள் நிற்க, நான் மழையில் அட்டைக்கடியோடு புதரை விலக்குவேன். ஆள் குறைந்ததால் பை தூக்க வந்த பாக்கியம் அக்காவும் கூட வந்து தேடும். களையெடுப்பில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. குனிந்த இடுப்பை நிமிர்த்திச் சொன்னது: "பெத்த பிள்ளையத் தொலைச்சிருந்தாக்கூட இம்புட்டுத் தேடியிருக்க மாட்டோம்டி."

கோப்பைக்கு ஒரு அடி

போட்டியன்று சீட்டுப் போட்டு ஆளை மாற்றினார்கள். சாரோடு சேர்ந்து ஆடிய தோட்டத்து டாக்டரின் பை எனக்கு, சாரின் பை அக்காவுக்கு. குறைந்த அடியில் முடிப்பவருக்குக் கோப்பை. கடைசிக் குழிக்கு வரும்போது சார் டாக்டரைவிட ஒரு அடி முன்னால். சார் அடித்த பந்து உயரமான புல்லுக்குள் விழுந்தது. அக்கா முன்னால் ஓடியது.

நானும் சாரும் தேடிப் போய்ப் பார்த்தால், ஏலச்செடித் தூரைச் சுத்தம் செய்கிற மாதிரி, பந்தைச் சுற்றி வட்டமாகப் புல்லைப் பிடுங்கியிருந்தது. "மண்டிக் கெடந்துச்சு சார். நோகாம அடிங்க." பந்தைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கினால், பை தூக்குகிறவர் செய்தாலும், ஆடுகிறவருக்கு இரண்டு அடி தண்டம். டாக்டர் மேட்டுக்கு அந்தப் பக்கம் தன் பந்தருகே நின்றார், எதையும் பார்க்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. சார் குனிந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "டாக்டர், எனக்கு ரெண்டு அடி கூட்டிக்கோங்க."

தேனி பஸ் ஸ்டாண்டில்

ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் கோப்பை டாக்டரிடம் போனது. தன்னால்தான் கோப்பை போனது என்று தெரிந்ததும் அக்கா ஜீப்பில் கம்பம் வரை அழுதது. "ஒரு வார்த்தை ஏசியிருந்தாகன்னா மனசு ஆறியிருக்கும்டி. சுத்தமா எடுத்திருக்கே பாக்கியம்னுல சொன்னாக!"

ரிடையராகி பழனிசெட்டிபட்டியில் குடியேறிய சாரை ஒருநாள் தேனி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். குடைக்காம்பை மட்டையாகப் பிடித்து லேசாக வீசிக்கொண்டிருந்தார். என் இடுப்பிலிருந்த சின்ன மகளைக் கொஞ்சினார், மகனின் படிப்பை விசாரித்தார். பஸ் வந்தது. ஏறப் போனவர் திரும்பினார். "ஏம்மா, பாக்கியம் களையெடுத்த பெறகு அந்தப் பந்து அடிக்க நெசமாவே தோதா உக்காந்திருந்துச்சுல்ல?"

அவருக்கு அந்தப் பந்து இன்னும் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை, எனக்கு அந்தப் பை இன்னும் தோளைவிட்டு இறங்கவில்லை. ஆட்டம் என்னவோ எப்போதோ முடிந்துவிட்டதாம்.