பிரேக் சத்தமும் தோசைக்கல்லும்

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் மதுரையில் வாடகைக் கார் ஓட்டினார். சாயங்காலம் எங்கள் திருநகர் தெருமுனையில் பிரேக் கீச்சிட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்.

ஒருநாள் கீச்சிடவில்லை, இரும்பும் இரும்பும் உரசுவதுபோல் கரகரத்தது. அடுப்பை விட்டு வாசலுக்கு ஓடினேன்.

“பிரேக்கு சத்தமே மாறிப்போச்சு. ஒர்க்‌ஷாப்புல காட்டாம வண்டிய எடுக்காதீக” என்றேன்.

“அது என்னைக்கும் கத்துறதுதானே?” என்றார். ஆனாலும் மறுநாள் காட்டினார். பிரேக் லைனிங் முழுக்கத் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவிட் ஆணி சக்கரத்தின் டிரம்மையே அறுத்திருந்ததாம். லைனிங், டிரம் இரண்டையும் மாற்றினார்கள்.

அன்று மாலை வண்டி சத்தமில்லாமல் வந்தது எனக்குத் தெரியவில்லை. அடுப்படி வாசலில் நின்று சிரித்தார்.

“இன்னும் கல்லு காயலையா?”

சத்தம் கேட்டுத்தான் கல்லை வைக்கிறேன் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை.

மறுநாளிலிருந்து தெருமுனையில் ஹாரன் அடித்தார்.