ஐம்பது கடலையும் ஒரு வாழைப்பழமும்

2023 ஜூன் 12, திங்கட்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்து, சமையலை முடித்து, ஆறு ஐம்பதுக்கு ஹப்சிகுடா முனையில் அலுவலக பஸ் ஏறினேன். ஹைதராபாத்துக்கு வெளியே, ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் கிடங்கில் எனக்கு வேலை. பல நாட்டு விதைகளைக் குளிர் அறையில் காக்கிறோம். கேட்பவர்களுக்கு அனுப்புமுன் அவை முளைக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு.

அன்று ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வேளாண் அதிகாரி வந்திருந்தார். என் வயதுப் பெண்மணி. அவர் மாவட்டத்தில் பல வருடச் சண்டை ஓய்ந்து, குடும்பங்கள் முகாம்களிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தன. விதைக்கு வைத்திருந்த நிலக்கடலையையும் பசியில் தின்று தீர்த்திருந்தார்கள். அந்த ரகம் எங்களிடம்தான் மிச்சம். அங்கே மழை தொடங்கிவிட்டது; சனிக்கிழமை அவருக்கு விமானம்.

ஈரத்தாளில் நான் வைத்திருந்த ஐம்பதில் முளைத்தவை இரண்டு. செத்த விதை, அனுப்ப இயலாது என்று எழுதி நீட்டினேன். அத்தாட்சியாக உறையின் மேலிருந்த சீட்டையும் காட்டினேன். 2006.

அவர் ஒரு கடலையை எடுத்துக் கடித்தார். அவர் பேசிய ஆங்கிலம் எனக்கு இப்படித்தான் கேட்டது: "வயசு உங்க சீட்டுக்குத்தான் மேடம், கடலைக்கு இல்ல. இது புதுசு. தூங்குது!"

சீட்டைத் திருப்பினேன். மறுபடி விளைவித்து, இந்த ஏப்ரலில் அறுத்தது என்று பின்பக்கம் இருந்தது. எழுதியதும் நான்தான். சில ரகங்கள் அறுவடைக்குப் பின் இரண்டு மூன்று மாதம் முளைக்காமல் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. காது சுட்டது. அந்த உறக்கத்தைக் கலைக்கும் மருந்தோ தீர்ந்திருந்தது. வரப் பத்து நாளாகும்.

எங்கள் ஊரில் பழுத்த வாழைப்பழத்தோடு பானையில் மூடி வைப்போம் என்றார் அவர். நான் சிரித்துவிட்டேன்.

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் உதவியாளர் விடவில்லை. 'ஏன்' என்பது அவர் வாயில் எப்போதும் அந்த ஊர் 'கைக்கு'தான். "கைக்கு மேடம் சிரிக்கிறீங்க? பழத்துலேர்ந்து வர்ற வாயுதானே அந்த மருந்துலயும் வேலை செய்யுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கேன்டீன்ல பழம் இருக்கு, கொண்டாறேன்."

ஒரு டப்பா, ஒரு பழம், ஐம்பது கடலை. மறுநாள் மாலை எடுத்து ஈரத்தாளில் பரப்பினேன். வெள்ளிக்கிழமை காலை தாளைப் பிரித்தபோது வெள்ளை வெள்ளையாக முளைகள். இரண்டு முறை எண்ணினேன், நாற்பத்தாறு. அந்த அம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார், நம் ஊர்க் கோயிலில் பெண்கள் இடுவது போலவே. பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். என்னையும் இட வைத்தார். எனக்கு இருமல்தான் வந்தது. அன்றே விதைக்கு அனுமதிச் சான்றிதழ்கள் வாங்கிக் கொடுத்தோம்.

என் ஒழுங்கின் மேல் எனக்கு இருந்த கர்வம் அன்று கொஞ்சம் கரைந்தது. அதில் இன்றுவரை எனக்குச் சந்தோஷமே. சனிக்கிழமை விடுமுறை. ஆனாலும் காலையில் முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய், உயிரில்லை என்று நான் ஒதுக்கி வைத்திருந்த பதினோரு உறைகளையும் எடுத்து வந்து, புதிதாக ஈரத்தாள் விரித்தேன்.