ஆட்டினால் அசையாத புத்தகங்கள்

என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். ஒருவர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம், நஞ்சையும் டிராக்டரும் உள்ளவர். இன்னொருவர் விருத்தாசலம், பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இரண்டாமவரின் அக்கா சொன்னது இது: "எங்க தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாதுங்க. வூடு பூரா பொஸ்தகம்தான்."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். அப்பா மூன்று நாள் கேட்டுப் பார்த்தார். டிராக்டர் வேண்டாம், புத்தகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பிளஸ் டூவோடு என் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். ஊர் நூலகத்தில் இருந்ததையெல்லாம் இரண்டு முறை படித்தாகிவிட்டது. இனி சாகும்வரைக்கும் படிக்கக் கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

இரண்டாயிரத்து ஒன்றில் கல்யாணம். மறுநாள் காலை முன்னறையில் பார்த்தால் சுவர் நீளத்துக்கு இரும்பு அலமாரித் தட்டுகள். தட்டு நிறைய மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. புத்தகமெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"இதெல்லாம் பொஸ்தகம்தான்" என்றார்.

அவர் சேர்த்தது சிறப்புப் பதிப்புகள் மட்டும். கெட்டி அட்டை, துணி பைண்டிங், ஆசிரியர் கையெழுத்து, உள்ளே இத்தனையாவது பிரதி என்று ஒரு எண். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு வருஷம் தவறாமல் போவார். வெளியாகும் முன்பே தபாலில் எழுதிப் பதிவு செய்வார். புத்தகம் வந்ததும் அட்டையைத் தடவுவார், எண்ணைப் பார்ப்பார், மூடிவிடுவார். அவர் வாசித்து நான் பார்த்தது செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம் ஒன்றைத்தான்.

பெட்டிகள் கம்பெனித் தச்சர் செய்தவை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அளவெடுத்து, பிளைவுட்டில், நாலு திருகாணி போட்ட மூடியோடு. கம்பெனியில் மின்கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டரை எப்படிப் பேக் செய்து அனுப்புவார்களோ அப்படியே புத்தகத்தையும் பேக் செய்வார். முதலில் பாலிதீன் உறை, அதைச் சுற்றி டேப்பு, அதற்குமேல் பெட்டிக்கும் உறைக்கும் நடுவே கம்மாபுரத்திலிருந்து வரவழைத்த வைக்கோல். "ஒரு லாரி இன்சுலேட்டரு டெல்லி வரைக்கும் ஒடையாம போவுது. இது என்னா பெரிய விஷயம்" என்பார். புத்தகம் என்றைக்குக் கீழே விழுந்து உடைந்தது என்று அவரிடம் யார் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்காருவார். ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காதருகே வைத்து ஆட்டுவார். சத்தம் வராவிட்டால் பேக்கிங் சரி என்று அர்த்தம். கம்பெனியில் அதுதான் சோதனை. சத்தம் வராத பெட்டியைத் தட்டில் வைக்கும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். என்னை அப்படி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் பொறுத்தேன். ஒன்றைப் படிக்கத் தரச் சொல்லிக் கேட்டும் பார்த்தேன். "அப்புறம் பாக்கலாம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு, அவருடைய திருப்புளியை எடுத்துத் தடிமனான பெட்டி ஒன்றைத் திறந்தேன். எண்ணூறு பக்க நாவல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, விரல் நுனியால் பக்கத்தைத் திருப்பினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியவில்லை. அவர் வருவதற்கு முன் திரும்பவும் உறை போட்டு, டேப்பு ஒட்டி, வைக்கோலை அடைத்து, திருகாணியின் கோடு எந்தப் பக்கம் பார்த்து நின்றதோ அந்தப் பக்கமே நிற்கும்படி முடுக்கினேன். ஆறு நாள் இப்படி. சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கம் முடிந்தது. என் கல்யாண வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த வாரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

தினமும் திறந்து மூடியதில் வைக்கோல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்திருக்கிறது. நானே பெருக்கி வெளியே கொட்டியிருக்கிறேன், யோசிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தப் பெட்டியை ஆட்டினார். உள்ளே 'டக்' என்றது.

"இத யாரு தொறந்தது?"

"நான்தாங்க. படிச்சேன்."

"படிக்கிறதுக்கா வாங்கி வச்சிருக்கேன்?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். கத்தியிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுநாள் கம்பெனியிலிருந்து சிவப்பு அரக்குக் கட்டி கொண்டுவந்தார். சாம்பிள் பெட்டிகளுக்கு முத்திரை வைக்கிற அரக்கு. ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் ஒரு சொட்டு உருக்கி விட்டார். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். பிடி என்றார், பிடித்தேன். அதை நினைத்தால் அவர்மேல் வருகிற கோபத்தைவிட என்மேல் வருகிற கோபம்தான் அதிகம்.

"படிக்கணும்னா லைப்ரரிக்குப் போ. யாரு வேணாங்குறா?" என்றும் சொன்னார். பெருந்தன்மையாம். வீட்டில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எதற்கு லைப்ரரி என்று வீம்பு பிடித்தேன். அந்த வீம்பில் வருஷக்கணக்காக ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. நஷ்டம் யாருக்கு? அவருக்கா? அவர் பாட்டுக்கு ஞாயிறுதோறும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஐப்பசி மழை விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு வாரத்தில், புதுச்சேரியிலிருந்து ஒருவர் வந்தார். அவரும் இவரைப்போல் சேர்ப்பவர். தம்மிடம் இருக்கும் ஒரு பதிப்பின் இன்னொரு பிரதியைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டு வந்திருந்தார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையிலேயே என்னைக் கேசரி கிண்டச் சொல்லிவிட்டார். வந்தவருக்கு முன்னால் அந்தப் பெட்டியை ஆட்டிக் காட்டினார். அசையவில்லை. பெருமையாக அரக்கைச் சுரண்டி, திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார்.

கேசரித் தட்டோடு நான் வாசல்படியில் நின்றேன். அங்கே வரைக்கும் ஈர வாடை அடித்தது. வைக்கோல் கறுத்து நைந்திருந்தது. உறையைக் கிழித்ததும் துணி அட்டை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம். புரட்டப் பார்த்தார். பக்கங்கள் மொத்தமாக ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தன.

வந்தவர் அந்தக் கட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பொஸ்தகத்துக்குக் காத்து போவணும் சார். அப்பப்ப எடுத்து நாலு பக்கம் படிச்சிருந்தாலே போதும்" என்றார். கேசரியை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. உனக்கு நல்லா வேணும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் வெயில் அடித்தது. அவர் லீவு போட்டுவிட்டு எல்லாப் பெட்டிகளையும் மாடிக்கு ஏற்றி ஒவ்வொன்றாகத் திறந்தார். அத்தனையும் அதே கதிதான். சிலதில் ராமபாணப் பூச்சி குடித்தனமே நடத்தியிருந்தது. நான் சுக்குக் காப்பி கொண்டுபோனபோது தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த எண்ணூறு பக்க நாவல். கத்தியால் இரண்டு பக்கத்தைப் பிரிக்கப் பார்த்து, எழுத்தெல்லாம் கிழிந்து கையோடு வந்திருந்தது.

"ரிட்டையர் ஆனப்புறம் நிதானமா ஒண்ணொண்ணா படிக்கலாம்னுதான் இருந்தேன்" என்றார். காப்பியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

அட்டையில் பூசணத்தை விரலால் துடைத்தார். அதற்கடியில் ஒரு கிணற்றின் படம். "நீ இத படிச்சியே. மூணு தலமொறயா கெணறு வெட்டுறாங்கன்னு பின்னட்டையில போட்டிருந்துச்சு. தண்ணி வந்துச்சா இல்லியா?"

பள்ளிக்கூடத்துப் பையன் கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தே கேட்டார். தண்ணீர் வந்தது. பேரன் காலத்தில், குடிக்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போன பிறகு வந்தது. எந்தப் பக்கத்தில் வந்தது, அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்பதுவரை எனக்கு ஞாபகம் இருந்தது.

"மறந்துபோச்சுங்க" என்றேன்.

காப்பி ஆறுவதற்குள் இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் அதையேதான் சொன்னேன்.