சிவப்புக் கோடு வரை தண்ணீர்

ஆனந்தவள்ளிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. காந்தி மார்க்கெட்டில் கத்திரிக்காய் போடும்போது, தராசுத் தட்டின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூட்டையையே அவிழ்ப்பாள். கண்டக்டர் 'சமயபுரம், சமயபுரம்' என்று தொண்டை கிழியக் கத்தினாலும் டிரைவரிடம் ஒரு தடவை கேட்காமல் ஏறமாட்டாள். எல்லாம் புருஷன் ரங்கசாமி வாங்கிக் கொடுத்த புத்தி. எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பங்காளியிடம் பாதி நிலத்தைப் பறிகொடுத்த மகானுபாவர் அவர். அன்றிலிருந்து பதினான்கு வருஷமாக ஆனந்தவள்ளியின் கையெழுத்து எந்தக் காகிதத்திலும் விழுந்ததில்லை.

மிஞ்சிய நிலம் சமயபுரத்துக்கு வடக்கே, ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. கத்திரியும் கீரையும் போட்டிருக்கிறாள். எல்லாம் ஒரு கிணற்றை வைத்துத்தான். பாசனத்துக்கும் அதுதான், குடிக்கவும் அதுதான். உலகத்தில் அவள் நம்பியது அந்தக் கிணறு ஒன்றைத்தான்.

கிணற்றுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், மேட்டுப்பாங்கான புறம்போக்கு. பங்குனி வெயிலில் ஒருநாள் அங்கே ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கிய பெண் பவித்ரா. ஸ்ரீரங்கத்துக்காரி. தென்னூரில் ஒரு மண் ஆய்வுக் கம்பெனியில் வேலை. கூடவே துளை போடுகிற ரெஜிஸ்.

"என்னம்மா பண்றீங்க?" என்று ஆனந்தவள்ளி வரப்பிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"மண் பரிசோதனைங்க."

"அது தெரியுது. எதுக்கு?"

"இடம் எப்படி இருக்குன்னு பாக்கத்தான்" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சிரிப்பவர்களை ஆனந்தவள்ளிக்குத் தெரியும். அந்தப் பங்காளியும் அப்படித்தான் சிரித்தான். சாயங்காலமே பால்காரர் விஷயத்தை அவிழ்த்துவிட்டார். திருச்சிக் குப்பையைக் கொட்டப் புதிதாக இடம் தேடுகிறார்களாம், பார்க்கிற நாலு இடத்தில் இதுவும் ஒன்றாம். மேட்டில் குப்பை வந்தால் பள்ளத்தில் இருக்கும் அவள் கிணறு என்ன ஆகும்?

மூன்று நாள் கருவேல மறைவிலிருந்து வேவு பார்த்தாள். துளை போட்டார்கள், அடிக்கு அடி மண்ணை எடுத்துப் பையில் போட்டுக் கட்டி ஆழத்தை எழுதினார்கள். போகும்போது எத்தனை பை ஏறுகிறது என்று இவளும் எண்ணினாள். அதை எண்ணி என்ன பிரயோசனம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

நாலாம் நாள் துளையில் அகலமான பைப் ஒன்றைச் செருகி, உள்ளே சிவப்பாக ஒரு கோடு போட்டு, கோடு வரைக்கும் தண்ணீர் விட்டார்கள். "ஒரு மணி நேரம் கழிச்சு எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாக்கணும்" என்று ரெஜிஸிடம் சொல்லிவிட்டு பவித்ரா ஜீப்பில் ஏறினாள். இருவரும் சமயபுரத்துக்குச் சாப்பிடப் போனார்கள்.

முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆனந்தவள்ளி போய் எட்டிப் பார்த்தாள். தண்ணீர் முழங்கை ஆழத்துக்கு இறங்கிக் கிடந்தது. ஓகோ, இதுதானா சங்கதி! தண்ணீர் நிற்காத பூமி எதற்கும் ஆகாத பூமி என்று எழுதுவார்கள், எதற்கும் ஆகாத இடத்தில்தானே குப்பையைக் கொட்டுவார்கள்? தண்ணீர் நின்றால் அது நல்ல மண், அதில் கை வைக்கமாட்டார்கள். பாத்தி கட்டியே காலம் தள்ளியவளுக்கு வேறெப்படித் தோன்றும்? கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து, வெளியே ஒரு சொட்டுச் சிந்தாமல், சரியாகச் சிவப்புக் கோடு வரை ஊற்றிவிட்டு மறைவுக்குப் போனாள். கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள்.

பவித்ரா வந்து குனிந்து பார்த்தாள். "ரெஜிஸ் அண்ணா, கொஞ்சங்கூட இறங்கல!"

"மண்ணு சரளையாத்தானே மேடம் வந்துச்சு?"

"அடியில நல்ல களிமண்ணு இருக்கும்போல. இந்த மாதிரி இடத்தைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். குப்பையிலேருந்து வடியற அழுக்குத்தண்ணி கீழ போகாது, பக்கத்துக் கிணத்துக்கும் ஆபத்தில்ல."

"அப்ப இங்கதானா?"

"அநேகமா இங்கதான்."

மறைவில் நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் கிணற்றுக்குத் தானே குழி தோண்டியிருக்கிறாள், அதுவும் தன் குடத்தாலேயே. ஓடிவந்தாள்.

"அம்மா, எழுதாதீங்க. அது நான் ஊத்துன தண்ணி!"

பவித்ரா நிமிர்ந்து பார்த்தாள். "போன மாசம் ஒரு ஊர்ல, எங்களத் தடுக்க, இங்க சாமி புதைஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நீங்க தண்ணி ஊத்துனேங்கிறீங்க. ரிசல்ட்டைக் கேட்டுட்டுத்தானே வர்றீங்க? ஊத்துனதுக்கு என்ன சாட்சி?"

பதினான்கு வருஷமாக ஊரையே இவள் கேட்ட கேள்வி அது. குடம்கூட வெயிலில் காய்ந்துபோயிருந்தது. ஆனந்தவள்ளி பைப்புக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு தடவ ஊத்துங்க. நீங்க என்னையப் பாத்துக்கிட்டு ஒக்காருங்க, நான் உங்களப் பாத்துக்கிட்டு ஒக்காரறேன்."

ஜீப்பில் கொண்டுவந்த டிரம்மில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. மறுபடி அவள் கிணற்றுத் தண்ணீர்தான் வந்தது. அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை நினைத்தாளோ என்னவோ, குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றவிட்டாள். பிறகு இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். போன் அடித்தது, பவித்ரா எடுக்கவில்லை. காலில் எறும்பு ஏறியது, ஆனந்தவள்ளி தட்டிவிடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ரெஜிஸ் டேப்பை விட்டு அளவை உரக்கச் சொன்னார். தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. ஒரு மணி நேரத்தில் முழங்கை ஆழம்.

"இவ்வளவும் எங்க போகுது?" என்று பவித்ரா முணுமுணுத்தாள்.

"எங்க போவும்? எங்கேருந்து கொண்டாந்தேனோ அங்கதான்." ஆனந்தவள்ளி சரிவில் இருந்த கிணற்றைக் காட்டினாள்.

பவித்ரா நோட்டில் குறித்திருந்த பழைய கணக்கை அடித்தாள். "ரெண்டு கணக்கு இருந்தா எது நெசம்னு ஆபீஸ்ல கேப்பாங்க. நடுவுல நீங்க தண்ணி ஊத்துனதா எழுதறேன். கையெழுத்துப் போடுவீங்களா?"

ஆனந்தவள்ளியின் கை பின்னுக்குப் போனது. தப்புச் செய்தேன் என்று தானே எழுதிக் கொடுப்பதா? நாளைக்கு இதைக் காட்டிப் போலீஸ் வந்தால்? பவித்ரா எழுதி நீட்டிய தாளை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். போட்ட கையோடு, கீழே மிச்சமிருந்த வெற்றிடம் முழுவதும் யாரும் ஒரு எழுத்து சேர்க்க முடியாதபடி குறுக்கே கோடு இழுத்தாள்.

பவித்ராவுக்கு நாக்கு வறண்டிருந்தது. குடிக்கக் கொண்டுவந்த கேனும் காலி. ஆனந்தவள்ளி ஒரு சொம்பில் கொண்டுவந்து நீட்டினாள். பவித்ரா வாங்கி, வாய் வைக்கும் முன் உள்ளே பார்த்தாள்.

"குடிக்கலாமாக்கா?"

"இன்னிக்கி வரைக்கும் குடிக்கலாம்" என்றாள் ஆனந்தவள்ளி.